உங்கள் உதவிக்கு, ஞானதாஸ்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அந்த அறைக்குள் மாட்டிக்கொண்டது நான்.

மாமல்லபுரம் தாண்டி, ஈ.சி.ஆர். ஓரம் ஒரு ரிசார்ட். கம்ப்யூட்டர் வேலைக்காகக் கூப்பிட்டிருந்தார்கள். பழைய மேனேஜர் ஞானதாஸ் வேலையை விட்டுப் போய்விட்டாராம். ஆனால் தங்க வருபவர்களுக்குப் போகும் மெசேஜ்களில் இன்னும் அவர் பெயர்தான் இருந்தது. டேட்டாபேஸில் 'ஞானதாஸ்' என்று வரும் இடத்திலெல்லாம் புது மேனேஜர் 'சங்கரி' பெயரை மாற்றிப் போட வேண்டும். ஒரே கட்டளை. ஐந்து நிமிட வேலை.

மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத சின்ன அறை. மாலை நாலு மணி. வெளியே விடாத மழை.

கட்டளையை ஓட்டினேன். எல்லா வரிகளும் மாறின. ஒன்றைத் தவிர.

'உங்கள் உதவிக்கு, ஞானதாஸ்.'

பெயருக்குள் எங்காவது கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்கும். சரிபார்த்து மறுபடி ஓட்டினேன். 'ஒரு வரி மாறியது' என்றது திரை. திறந்து பார்த்தேன்.

'உதவிக்கு, ஞானதாஸ்.'

'உங்கள்' எங்கே போனது? அதை நான் தொடவே இல்லையே...

இன்னொரு முறை ஓட்டினேன்.

'கதவைத் திறங்க. ஞானதாஸ்.'

டக்... ஏ.சி. நின்றது.

எழுந்து கதவை இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். தட்டினேன்.

ரிசப்ஷனில் இருக்கும் ஹேமந்தின் குரல் கேட்டது.

"இன்னா ஜெபா, ஏன் தட்டிகினு கீற?"

"தொறக்க மாட்டேங்குது. வெளிய பூட்டிட்டியா?"

"நான் ஏன் பூட்டப் போறேன்? இரு, தள்றேன்."

அவன் தள்ளினான். நான் இழுத்தேன்.

அசையவில்லை.

காதோரம் மூச்சு வாங்கும் சத்தம்...

என்னுடையது இல்லை.

சட்டென்று கதவு விட்டது. ஹேமந்த் உள்ளே வந்து விழுந்தான்.

"உள்ளேந்து முட்டுக் குடுத்துகினு இருந்தியா?"

"இல்ல. இழுத்துகினு இருந்தேன்."

அவன் முகம் வெளுத்தது. பஸ் ஸ்டாப் வரை குடை பிடித்துக் கூட வந்தான். அங்கே வைத்துத்தான் சொன்னான். ஞானதாஸ் வேலையை விட்டுப் போகவில்லை. போன மழையில் அந்த அறைக்குள் மாட்டிக்கொண்டார். மறுநாள்தான் அவர் உடலை வெளியே எடுத்தார்கள்.

"அன்னிக்கே பூட்டு, தாப்பா எல்லாத்தையும் கயட்டிட்டாங்க. வெறும் கைப்பிடிதான் கீது. அந்தக் கதவ சாத்தி வெச்சாக்கூட நிக்காது, தானா தொறந்துக்கும்."