பின்னந்தலையில் ஒரு முகம்

ஏற்காட்டில் நான் பார்த்தவரை தென்னந்தோப்பு கிடையாது. சில்வர் ஓக் மரம் உண்டு, அதைப் பிடித்து ஏறும் மிளகுக் கொடி உண்டு, அடியில் காபிச் செடி உண்டு. ஆனால் எங்கள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, "உங்க ஊரை வரைங்க" என்றால் முதலில் முளைப்பது தென்னைமரம்தான். பிறகு இரண்டு முக்கோண மலை. அவற்றுக்கு நடுவே கண் காது மூக்கோடு சிரிக்கும் ஒரு சூரியன். கீழே குடிசை, ஆறு, ஆற்றில் வாத்து. ஜன்னலைத் திறந்தால் மூக்கில் இடிக்கிற மலையை விட்டுவிட்டு, எந்த ஊரிலும் இல்லாத மலையை இவர்கள் எங்கிருந்து பிடித்தார்கள் என்று துப்பறிய வேண்டியதில்லை. எங்கள் பள்ளி ஆசிரியைகளும் சின்ன வயதில் அதைத்தான் வரைந்தார்கள். அவர்களுடைய ஆசிரியைகளும் அதையேதான் வரைந்திருப்பார்கள்.

நான் அங்கே ஓவிய ஆசிரியை. இது கேட்பதற்கு நன்றாக இருக்கும். நடைமுறையில் நான் பள்ளியின் போர்டு எழுதுகிறவள், பொங்கலுக்குக் கோலம் போடுகிறவள், கிறிஸ்துமஸ் குடிலுக்கு மாட்டுக்கொட்டகை கட்டுகிறவள், யாராவது பெரிய மனிதர் வந்தால் தெர்மாகோலில் 'நல்வரவு' வெட்டுகிறவள். இத்தனைக்கும் நடுவில் நேரம் மிஞ்சினால் பிள்ளைகளுக்கு ஓவியமும் சொல்லித்தரலாம். அதற்கு யாரும் தடை சொல்லவில்லை. அவ்வளவு தாராள மனசு.

என் வகுப்பில் பென்சில் கிடையாது, ரப்பர் கிடையாது. வடிகட்டிய காபித் தூள், காய்ந்த இலை, துணித்துண்டு, அடுப்பில் காய்ச்சிய மைதாப் பசை, இவைதான் சாமான்கள். பத்து விரலும் அழுக்காகாமல் எவரும் வெளியே போகக்கூடாது. இதனால் நான் பெற்றோர்களிடம் மிகவும் பிரபலம். சீருடையில் பசையோடு வீட்டுக்குப் போன ஒரு பையனின் தாய் நேராக வந்து, "ஏனுங்க மிஸ், படிக்க அனுப்புனா சொவத்துக்குப் பூசு வேலை கத்துக் குடுக்கறீங்களா?" என்று கேட்டார். தப்பாகக் கேட்டார் என்று சொல்ல முடியாது.

இந்தக் கதை மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைப் பற்றியது. கரடியூர் போகிற வழியில் ஒரு காபி எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில் அவளும் அவள் அம்மாவும் மட்டும் இருந்தார்கள். அப்பாவுக்குக் கீழே சேலத்தில் லாரிப் பட்டறையில் வேலை. எப்போதாவதுதான் மலையேறி வருவார். அம்மா விடிந்தும் விடியாமலும் எஸ்டேட் வேலைக்குக் கிளம்பிவிடுவார். பக்கத்து வீட்டு அக்கா வந்து இவளை எழுப்பிக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவார். அதிகம் பேசாத பிள்ளை. பேசினால் நமக்கு வேலை வைக்கும்.

பள்ளியில் கண்காட்சி வைப்பதாக முடிவானது. 'காலையில் என் வீடு' என்று தலைப்புக் கொடுத்தேன். தென்னைமரம் ஒட்டினால் வகுப்பைவிட்டு வெளியே அனுப்புவேன் என்று மிரட்டியும் வைத்தேன். இந்தப் பெண் வீட்டிலிருந்து அம்மாவின் பழைய சேலைக் கிழிசல் ஒன்றைக் கொண்டுவந்தாள். அதை வெட்டி, நடந்துபோகிற ஒரு பெண்ணாக ஒட்டினாள். தலைமேல் மழைக்குப் போர்த்திக்கொள்ளும் பிளாஸ்டிக் சாக்கு. இரண்டு பக்கமும் காய்ந்த இலைகளால் மரங்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால் ஆசிரியை என்றால் ஏதாவது சொல்லியாக வேண்டுமே.

"மூஞ்சி எங்க கண்ணு?" என்றேன்.

"அம்மா வேலைக்குப் போவுதுங்க மிஸ். போகையில மூஞ்சி எப்படித் தெரியும்?" என்றாள்.

அவள் பட்டர் பேப்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு படத்தின் மேல் ஒரு தாளை ஒட்டினாள். சேலையின் நிறம் மங்கியது. அதற்கு மேல் இன்னொன்று. மரங்கள் கரைந்தன. இன்னொன்று. எதற்கு என்று கேட்டதற்கு, "பனி மிஸ்" என்றாள். கடைசியில் தாள் முழுக்க வெள்ளையாக, உற்றுப் பார்த்தால் நடுவில் ஏதோ ஒரு நிழல் இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி நின்றது. பனிக்காலத்தில் எங்கள் ஊர் அச்சு அசல் அப்படித்தான் இருக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளைகூட அதை வரைந்து நான் பார்த்ததில்லை.

கண்காட்சி நடக்கப்போவதை அவள் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அம்மா கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டரிடம் கெஞ்சி அரைநாள் லீவு கேட்டிருந்தார். "லீவு குடுத்துட்டாங்க மிஸ்," என்று ஒரு நாள் ஓடிவந்து சொன்னாள். "அம்மா வந்து பாக்கோணும் மிஸ். அதுக்குத்தான் செஞ்சேன்." கண்காட்சி யாருக்காக என்று பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு பதில் இருந்தது. அவளுக்கு ஒரே பதில்தான்.

இப்போது எங்கள் பள்ளியின் ஒரு புனிதமான வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் ஃபினிஷிங். கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் வகுப்பாசிரியைகள் ஒன்றுகூடி, பிள்ளைகள் செய்தவற்றை எல்லாம் பிள்ளைகள் செய்ததுபோல் தெரியாதபடி சீர்செய்வார்கள். கோணலை நேராக்குவார்கள். கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் சுற்றிலும் கோடு இழுப்பார்கள். மேலே ஜிகினா தூவுவார்கள். சொந்த வீட்டில் அடுப்பு காத்துக்கிடக்க, இருட்டும் வரை உட்கார்ந்து செய்வார்கள். தீய எண்ணம் துளியும் கிடையாது. அதுதான் அதில் இருக்கிற பெரிய ஆபத்து. அந்தச் சாயங்காலம் நான் வாசலில் ஏணிமேல் நின்று 'நல்வரவு' ஒட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை கூடத்துக்குள் நுழைந்ததும் ஒரே பளபளப்பு, கண் கூசியது. அவளுடைய படத்தைத் தேடினேன், காணவில்லை. அவள் பெயர் எழுதிய இடத்தில் வேறு ஏதோ தொங்கியது. கிட்டே போய்ப் பார்த்தேன். பனியைக் காணோம். மரங்களைச் சுற்றிக் கறுப்புக் கோடு. மேலே இரண்டு முக்கோண மலை, நடுவில் அந்தப் பாழாய்ப்போன சூரியன். கீழே சேலைக் கிழிசல் பெண்மணி ஜிகினா ஜொலிக்க நின்றார். அவருடைய பின்னந்தலையில் இரண்டு கண், ஒரு மூக்கு, பொட்டு, வாய்கொள்ளாத சிரிப்பு.

வகுப்பாசிரியை பின்னாலேயே வந்து நின்றார். "பாத்தீங்களா மிஸ்? பாவம் அந்தப் புள்ள, பேப்பரை மேல மேல ஒட்டிப் படத்தையே மூடி வெச்சிருந்துதுங்க. நம்மூரு ஈரத்துல பசையும் காயல. மெதுவ்வா உரிச்சேன். உள்ள பாத்தா நொம்ப அழகா ஒரு பொம்பள! மூஞ்சி போட மட்டும் மறந்துருச்சு போல. நானே போட்டுட்டேனுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு, "மறக்கலைங்க, அது முதுகு" என்றேன். "அட, முதுகை எதுக்குங்க வரையணும்?" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். உரித்த தாள்கள் எங்கே என்று கேட்டேன். குப்பைத்தொட்டியைக் காட்டினார். வாழைப்பழத் தோலோடு சேர்ந்து உருண்டையாகிக் கிடந்தன.

தலைமை ஆசிரியையான சிஸ்டரிடம் போனேன். படத்தை எடுத்துவிடலாம், பிள்ளையே மறுபடி செய்யட்டும் என்றேன். சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப எடுத்தா சொவத்துல பொக்கையாத் தெரியுமுங்க மிஸ். சீஃப் கெஸ்ட் அடிவாரம் தாண்டிட்டாராம்" என்றார். ஒரு பிள்ளையின் காலைப்பொழுதைவிடச் சுவரின் பல்வரிசை முக்கியம். நிர்வாகம் என்றால் சும்மாவா.

அந்தப் பெண் வந்தாள், பார்த்தாள். அழவில்லை. படத்தின் பக்கம் முதுகைக் காட்டி, அது தெரியாதபடி மறைத்துக்கொண்டு நின்றாள். எட்டு வயதுப் பிள்ளையின் முதுகு எவ்வளவைத்தான் மறைக்கும்? தலைக்கு மேலே சூரியன் சிரித்துக்கொண்டிருந்தது.

சீஃப் கெஸ்ட் ஒரு ரிசார்ட் முதலாளி. சொல்லிவைத்தாற்போல நேராக அதன் முன்னால் வந்து நின்று, "எக்சலென்ட்! இயற்கையா இருக்கு" என்றார். ஜிகினாவைச் சொன்னாரா, பின்னந்தலை மூக்கைச் சொன்னாரா தெரியவில்லை. "நீயா செஞ்சே?" என்று அவளைக் கேட்டார்.

"இல்லைங்க" என்றாள்.

"கூச்ச சுபாவம்" என்று சிஸ்டர் சிரித்தார். எல்லாரும் சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்கள். அங்கேயும் அதே சூரியன்தான்.

மத்தியானத்துக்குச் சற்று முன்னால் அவள் அம்மா வந்தார். தோட்டத்திலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், விரலெல்லாம் காபிக் கறை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, சுவரைத் தொடாமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார். மகளைக் கண்டுபிடித்து, அவள் தோளை மெல்ல நகர்த்திப் படத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அட சாமி! இது என்ற பழைய சீலையில்ல? நானா இது? சிரிச்சுக்கிட்டு ஊட்டுக்கு வர்றேனா?"

"வரல. போறே" என்றாள் மகள்.

"வர்ற மாதிரியில்ல இருக்குது? மூஞ்சி தெரியுதே."

"அது நான் போடல." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அரைநாள் லீவும், அத்தனை நாள் காத்திருப்பும், இன்னும் கொஞ்ச நேரத்தில் அப்படியே முடிந்துவிடும். அம்மா இந்தச் சிரிக்கிற பொம்மையைப் பார்த்த சந்தோஷத்தோடு வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுவார்.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. அலமாரியைத் திறந்து பட்டர் பேப்பரையும் பசைக் கிண்ணத்தையும் எடுத்துவந்தேன். சுவரிலிருந்து படத்தைக் கழற்றிக் கீழே ஒரு பெஞ்சின்மேல் வைத்தேன். சிஸ்டர் கூடத்தின் மறுகோடியிலிருந்து பார்த்த பார்வையில் மைதாப் பசை தானாகவே காய்ந்திருக்கும். நான் திரும்பியே பார்க்கவில்லை.

"நீ செஞ்ச மாதிரியே செய்யி கண்ணு" என்றேன்.

அவள் விரலில் பசையைத் தொட்டு முதல் தாளை ஒட்டினாள். ஜிகினா அடங்கியது. அடுத்த தாளில் கண்ணும் மூக்கும் கலங்கி, அது முகமா முதுகா என்று தெரியாமல் போயிற்று. அம்மா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன கண்ணு, அம்மாவ மூடறே?"

"பனி. நீ எஸ்டேட் கேட்டைத் தாண்டுனா இப்படித்தான் தெரிவே."

அம்மா சட்டென்று நிமிர்ந்தார். "அந்நேரத்துக்கு நீ தூங்கிட்டில்ல இருப்பே?"

"நீ கதவச் சாத்துனதும் எந்திரிச்சு ஜன்னல்கிட்ட வந்துருவேன். தெனமும்."

அம்மா கறை படிந்த விரல்களால் வாயைப் பொத்திக்கொண்டார். "நான் ஒரு நாளும் திரும்பிப் பாக்கலையே சாமி" என்று பிறகு சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

மகள் அடுத்த தாளை ஒட்டினாள். சூரியன் போனது, மலைகள் போயின. சேலையின் நிறம் மட்டும் மிச்சம் இருந்தது. அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போதும் கண்ணு. அம்மா கொஞ்சமாச்சும் தெரியட்டும்."

"இன்னும் ஒண்ணு இருக்குதும்மா" என்றாள் அவள். "நீ சுத்தமா மறைஞ்சதுக்கு அப்புறந்தான் நான் போயிப் படுப்பேன்."

அம்மா கையை விட்டார். கடைசித் தாளை அவரே எடுத்துக் கொடுத்தார்.