சவுக்கில் ஒரு குறுக்குக் கட்டை

முப்பது வருஷம் திருவொற்றியூர்த் தொழிற்சாலை ஒன்றில் வெல்டராக இருந்தேன். ஓய்வு பெற்றபின் எந்தக் கனத்தையும் தூக்குவதில்லை என்று இருந்தேன். முழங்கால்களும் அதற்குச் சம்மதித்திருந்தன. அந்த நேரம் பார்த்துத்தான் எண்ணூர்க் குப்பத்து நண்பனுக்குப் பக்கவாதம் வந்தது. கடலோடியாகவே இருந்தவன். இடது கையும் காலும் போனபின் சாதாரணப் படகில் அவனால் உட்கார முடியாது. ஒரு ஆட்டத்துக்கே சரிந்துவிடுவான். இரண்டு வருஷமாக வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில் கிடந்தான். ஒருநாள் நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், சாயாத இரட்டைப் படகு கட்டி, பாய் போட்டு, உன்னைக் கடலுக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். அவன் என்னையே பார்த்தான். அதற்குமேல் பின்வாங்க முடியவில்லை.

கரையில் வீணாகக் கிடந்த இரண்டு குட்டி ஃபைபர் ஓடங்களை ஒட்டுப்போட்டுத் தேற்றினேன். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது குறுக்குக் கட்டைகள்தான். எனக்கு யோசிக்கவே தோன்றவில்லை. காயலாங்கடையில் சதுர இரும்புக் குழாய் வாங்கி, அளந்து, அறுத்து, பற்றவைத்து, ஓடங்களில் துளை போட்டு போல்ட் முடுக்கினேன். அசைத்துப் பார்த்தால் கல் மாதிரி நின்றது. நண்பன் நாற்காலியில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்தான், வாயே திறக்கவில்லை.

முகத்துவாரத்தில் வெறும் படகைத் தள்ளிப் பார்த்தோம். ஒரு ஓடம் அலையில் ஏறியது, மற்றது பள்ளத்தில் இறங்கியது. நடுவே இரும்பு இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. நாலாவது அலையில் போல்ட் துளையைச் சுற்றி ஃபைபர் கிழிந்தது. மூன்று மாத வேலை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"இப்பிடி ஆவும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன்டா சொல்லல?"

"வூட்ல யாரும் என்னை ஒரு வார்த்தை கேக்கறது இல்ல மாமே. நீயும் கேக்கல. நானா சொல்லி இன்னா ஆவப் போவுதுன்னு உட்டுட்டேன்."

கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவன் நான். கடலோடியின் படகுக்கு அவனைக் கேட்காமலே கட்டை போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போய் இரண்டு நாள் படுத்தே கிடந்தேன். மூன்றாம் நாள் போய், "இப்ப கேக்கறேன், சொல்லு" என்றேன்.

ஆட்டோவில் சவுக்குக் கட்டைக் கடைக்குப் போனோம். ஒவ்வொரு கட்டையையும் இரண்டு கல்லின் மேல் குறுக்கே போடச் சொன்னான். நடுவில் என்னை ஏறி நிற்கச் சொன்னான். வளைய வேண்டும், இறங்கினால் நேராக வேண்டும், கணுவில் 'கிர்' என்று சத்தம் வரக்கூடாது. பதினோரு கட்டையில் ஏறி இறங்கினேன். கடைக்காரர் சிரித்தார். என் முழங்கால் என்னைத் திட்டியது. கடைசியில் இரண்டு தேறின.

கிழிந்த ஃபைபரை மறுபடி ஒட்டுப்போட்டேன். போல்ட் ஒன்றுகூட வேண்டாம் என்றான். பழைய டயர் டியூபை வெட்டி மெத்தையாக வைத்துக் கயிற்றால்தான் கட்டினோம். முனையை அவன் பல்லில் கடித்துக்கொள்வான், வலது கையால் சுற்றுவான், நான் காலை ஊன்றி இழுப்பேன். ஒரு கட்டு பிடிக்கவில்லை என்றால் மொத்தத்தையும் அவிழ்க்கச் சொல்வான். இப்படியே ஒரு மாதம். உள்ளங்கை இரண்டும் உரிந்துவிட்டது. இந்த வேலை ஒருநாளும் முடியாது என்று உண்மையாகவே நம்பினேன்.

போன வாரம் காலையில் நாலு பேர் அவனைத் தூக்கிப் படகின் நடுவில் உட்காரவைத்தார்கள், நானும் ஏறிக்கொண்டேன். கரை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் யாரையும் பார்க்கவில்லை. அலையில் ஓடங்கள் ஒன்று மாற்றி ஒன்று ஏறி இறங்கின, கட்டைகள் முனகின, வளைந்தன, நேராகின. அலை தாண்டியதும் பாயை விரித்துவிட்டு நான் மூச்சு விட்டேன். சந்தோஷத்தைவிட அசதிதான் அதிகம். அங்கேயே படுத்துவிடலாம் போலிருந்தது.

அவன் குனிந்து முன்பக்கக் கயிற்று முடிச்சைத் தடவிப் பார்த்தான்.

"கட்டு தளர்ந்துகீது. கரைக்குப் போனதும் மொத்தமும் அவுத்துட்டு இன்னொரு தபா கட்டணும். நாளைக்கு இத்தோட வெளிய வர முடியாது."

நாளைக்கு என்றான். உரிந்த கையைப் பார்த்தபடி, சரி என்றேன்.