சம்பந்தி வீட்டுக் கொட்டேஷன்

பாலவனத்தம் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ராமலட்சுமியிடம் யாரும் பேரம் பேசுவதில்லை. பேசிப் பிரயோஜனமில்லை என்று ஊருக்கே தெரியும். யார் வந்தாலும் ஒரே விலைதான். பாசிப்பருப்பிலிருந்து பினாயில் வரைக்கும் கையில் எடுத்தாலே விலை சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் போன சித்திரையில் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

சோலார் போடுவதற்கான கொட்டேஷன் அது. கரண்ட் பில் ஏறிக்கொண்டே போனதால் வீட்டு மாடியில் சோலார் போட்டுவிடுவது என்று அவளும் கணவர் சண்முகவேலும் முடிவு செய்திருந்தார்கள். மகள் சுகப்பிரியாவை அருப்புக்கோட்டையில் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. மருமகன் சங்கரின் தம்பி கோகுலுக்கு இதுதான் தொழில். வேறு யாரைக் கூப்பிடுவது?

கோகுல் வந்து மாடியை அளந்தான். சாப்பிட்டான். மறுநாள் தாளை அனுப்பினான். மூன்று கிலோவாட் சோலார், எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்து எண்பத்தைந்தாயிரம். மொத்தமே ஒரு வரி. பின்னாலேயே போன் வந்தது.

“நம்ம வீட்டு வேலை அத்தை, உங்ககிட்ட லாபம் பார்ப்பேனா? வெள்ளிக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் போட்டுருங்க. பேனல் ரேட்டு ஏறப்போகுது.”

தொகை பெரிதா சிறிதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த ஒற்றை வரி உறுத்தியது. கடைக்கு லோடு இறக்குகிறவன் ‘சரக்கு, மொத்தம் இவ்வளவு’ என்று பில் நீட்டினால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

“சம்பந்தி வீட்டுப் பிள்ளை. நோண்டிக்கிட்டு இருக்காத, குடுத்துரு. நாளைக்கு நம்ம மகளுக்குத்தான் சங்கடம்” என்றார் சண்முகவேல்.

புதன்கிழமை மதியம் கடையை அவரிடம் விட்டுவிட்டு, பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். பஜாரில் சாம்ராஜ் என்பவர் சோலார் கடை வைத்திருந்தார். மாடியின் அளவைச் சொல்லி, மூன்று கிலோவாட்டுக்கு விலை கேட்டாள்.

“இரண்டு லட்சத்து அஞ்சாயிரம் ஆகும்மா.”

எண்பதாயிரம் வித்தியாசம். ஆனால் மலிவாக ஒரு விலை வந்தால் அதில் எது குறைகிறது என்று பார்க்காமல் அவள் எந்தச் சரக்கையும் வாங்கியதில்லை.

“இதுல எது எது சேரும், எது சேராது?”

“எல்லாம் சேரும். ஸ்டாண்டு மட்டும் தரையோட ஒட்டி வரும். ஆள் நடமாடுற மாதிரி தூக்கி வைக்கணும்னா கனமான இரும்பு போடணும், நாப்பதாயிரம் கூட.”

கடைக்கான மல்லியும் வத்தலும் அவள் மாடியில்தான் காயும். கோகுல் அதைப் பார்த்துத்தான் ஏழடி உயரம் என்று அளந்துகொண்டு போயிருந்தான். ஆக, பாதி வித்தியாசத்துக்கு நியாயம் இருந்தது. மீதி நாற்பதாயிரம்?

அன்று சாயங்காலமே சுகப்பிரியா போன் செய்தாள்.

“அம்மா, நீ சாம்ராஜ் கடையில உக்காந்திருந்தியாம்ல? எங்க மாமியா மத்தியானத்துல இருந்து என்கூடப் பேசல. ‘ஒங்க அம்மாவுக்கு எங்க மேல நம்பிக்கை இல்லையோ’ன்னு இவுக கேக்காக. நான் என்ன சொல்ல?”

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அடுத்த அறையில் சண்முகவேல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். “பல் டாக்டர் என்ன சொன்னாக?” என்று மட்டும் கேட்டார்.

இரவு முழுக்கப் புரண்டாள். கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டால் பேச்சு முடிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு தடவை மாடியேறும்போதும் அந்த நாற்பதாயிரம் கண்முன் நிற்கும். சம்பந்தியைப் பார்த்துச் சிரிக்கும்போதும் நிற்கும். சாம்ராஜிடமே வேலையைக் கொடுத்தால் மகள் அந்த வீட்டில் தலைநிமிர முடியாது. காலையில் ஒரு சீப்பு பழமும் பூவும் வாங்கிக்கொண்டு நேராகச் சம்பந்தி வீட்டுக்கே போய்விட்டாள்.

சம்பந்தியம்மா மாரிக்கனி “வாங்க மதினி” என்றாள். உட்காரச் சொல்லவில்லை. சங்கர் வாசல் நிலையில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கோகுல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். சுகப்பிரியா தண்ணீர்ச் செம்பைக் கொடுத்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

“மறைச்சுப் போனது என் தப்பு மதினி” என்றாள் ராமலட்சுமி. “கோகுலு, நீ போட்ட விலை தப்புன்னு நான் சொல்லல. எதுக்கு எவ்வளவுன்னு பிரிச்சுக் குடு, போதும். அது நியாயம்னா ஒரு ரூவா குறைக்காமத் தாரேன்.”

கோகுலின் முகம் சிவந்தது. “வெளியாளுகூட இப்படிக் கேக்க மாட்டாக அத்தை.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுடா” என்றாள் மாரிக்கனி.

அவன் ஒரு தாளை எடுத்து விறுவிறுவென்று எழுதினான். பேனல், இன்வெர்ட்டர், ஸ்டாண்டு, வயரிங், கூலி. ராமலட்சுமி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அதுவரைக்கும் கூட்டினால், உயர ஸ்டாண்டோடு சாம்ராஜ் சொன்ன விலையை ஒட்டியே வந்தது. கடைசி வரியில் ‘இதர செலவு முப்பத்தெட்டாயிரம்’ என்றிருந்தது.

“இது என்னய்யா?”

மாரிக்கனி தாளை வாங்கிப் பார்த்தாள். “என்னடா இதர செலவு?”

“சொந்தக்காரங்களுக்குன்னா அப்படித்தாம்மா போட்டாகணும்!” அவன் வெடித்தான். “சித்தப்பா வீட்டுக்குப் போட்டேன், இன்னும் பாதிப் பணம் வரல. பெரியத்தை வீட்டுல, நம்ம பையன்தானன்னு கூலியவே குடுக்கல. வாய்விட்டுக் கேக்க முடியுதா? வெளியாளுன்னா கேட்டு வாங்கிருவேன். வராமப் போறதுக்கும் சேத்து மொதல்லயே வச்சிட்டா நஷ்டம் இல்லன்னு பாத்தேன்.”

சங்கர் கட்டிய கையை அவிழ்த்துவிட்டுத் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

ராமலட்சுமிக்குக் கோபம் வரவில்லை. அவள் கடையிலும் கடன் சொல்லிவிட்டுப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சொந்தக்காரர்கள்தான். ஆனாலும் அதைச் சொல்லி அவனைத் தட்டிக்கொடுக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை.

“அவுக தராததுக்கு நான் எப்படிய்யா பொறுப்பாவேன்?” என்றாள். “இது போக ரெண்டு நாப்பத்தேழு வருது. முழுசா ரெண்டரை லட்சம். பாதி இன்னைக்கே தாரேன். மீதி, சோலார் ஓடுற அன்னைக்கு. ஒரு நாள் தள்ளினா நீ என் கடை வாசல்ல வந்து சத்தம் போடு.”

கோகுல் அம்மாவைப் பார்த்தான். மாரிக்கனி தலையை மட்டும் அசைத்தாள்.

வைகாசி முடிவதற்குள் வேலை முடிந்தது. ஸ்டாண்டு உறுதியாகவே இருந்தது. ஆடிக் காற்றுக்கு அசையவில்லை. சொன்னபடி பணம் போய்ச் சேர்ந்தது. மாரிக்கனி சில நாள் கழித்துச் சுகப்பிரியாவிடம் பேச ஆரம்பித்தாள். சங்கர் மட்டும் அந்த வருஷம் தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்கு வரவில்லை, வேலை இருக்கிறது என்றான்.

“நீ கேட்டதுல தப்பில்லம்மா” என்றாள் தனியாக வந்திருந்த சுகப்பிரியா. “ஆனா அன்னைக்கு நான் அடுப்படியில நின்னு நடுங்குனது எனக்குத்தான் தெரியும்.”

ராமலட்சுமி மகளின் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள்.