இருபத்தேழாவது இதழ்

அந்த லிஃப்ட் மெக்கானிக்கின் சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. கம்பெனியில் எல்லோருக்கும் அவர் 'இருபத்தேழு'. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இது என்ன கணக்கு, வீட்டு எண்ணா, சட்டை அளவா என்று மண்டையைக் குடைந்துகொள்வார்கள். இரண்டு நாள் அவரோடு வேலைக்குப் போனால் போதும், தானாக விளங்கிவிடும். எதைக் கேட்டாலும் மனிதர், "இப்படித்தாங்க, இருபத்தேழாவது இதழ்ல..." என்று ஆரம்பித்துவிடுவார். பிறகு அவரை நிறுத்த ஆண்டவனால்கூட முடியாது.

இதழ் என்றால் 'சாம்பல் கப்பல்' என்ற வாரப் படக்கதை. அவருக்கு எட்டு வயதாக இருக்கும்போது வந்தது. விண்வெளியில் குப்பை அள்ளும் ஒரு கப்பல். அதன் தலைவன் ஒற்றைக்காதன், மெக்கானிக் திருகாணி. தரையைத் துடைத்துக்கொண்டே எதையாவது உளறித் திரியும் ஒரு குட்டி இயந்திரமும் உண்டு. நாற்பத்தொரு வாரம் வந்து, கதை முடியாமலே நின்றுபோனது. இன்றைக்கு அதை நினைவு வைத்திருக்கிறவர்கள் உலகத்திலேயே பத்துப் பதினைந்து பேர் தேறினால் அதிகம். அதில் பதினொரு பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தார்கள்.

மானேஜர் விடுப்பு தரவில்லையா, ஒன்பதாவது இதழில் ஒற்றைக்காதன் அப்படித்தான் செய்தான். மேல்மாடிக்காரரும் கீழ்மாடிக்காரரும் லிஃப்டுக்காக அடித்துக்கொள்கிறார்களா, முப்பத்து மூன்றாவது இதழைப் படித்திருந்தால் அடித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு காலத்தில் கல்யாணப் பேச்சு ஒன்று வந்தது. முதல் சந்திப்பிலேயே அந்தப் பெண்ணுக்குப் பதினாலாவது இதழை முக்கால் மணி நேரம் விளக்கினார். அதோடு சரி. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏன்டா, உனக்கு நேரா ஒரு வார்த்தை பேசவே வராதா?"

எல்லா இதழையும்விட அவருக்கு உயிர் இருபத்தேழுதான். கப்பலின் பின்பக்கம் ஓட்டையாகி, திருகாணி மூன்றாவது கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறான். செத்திருப்பான், அந்தப் பகுதியையே கழற்றி விட்டுவிடலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒற்றைக்காதன் விசையில் கைவைக்கும்போது குட்டி இயந்திரம் வந்து, "உள்ளே விளக்கு எரியுது, உள்ளே விளக்கு எரியுது" என்கிறது. அது எப்போதும் உளறுகிற ஜென்மம் என்று முதலில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. கடைசியில் ஒற்றைக்காதன் கதவைத் திறக்கிறான். திருகாணி உயிரோடு இருக்கிறான்.

லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் இருபத்தேழு கேட்கும் முதல் கேள்வி இதுதான். மெஷின் ரூமில் மோட்டார் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு இறங்கி வந்து, மூடிய கதவில் வாயை வைத்துக் கேட்பார்: "உள்ளே விளக்கு எரியுதா?" எரியுது என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அண்ணாந்து விளக்கைப் பார்ப்பார்கள், மூச்சு நிதானத்துக்கு வரும். முதலில் கிண்டல் செய்த மற்ற மெக்கானிக்குகள் போகப் போகத் தாங்களும் அதையே கேட்கத் தொடங்கினார்கள். ஒருநாள் கம்பெனி அதை அச்சடித்து, போன் எடுக்கும் பெண்களின் மேசைமேல் ஒட்டிவிட்டது. முதல் கேள்வி: உள்ளே விளக்கு எரிகிறதா?

வேடிக்கை என்னவென்றால், அவரிடம் நாற்பது இதழ்கள் பத்திரமாக இருந்தன, அந்த இருபத்தேழு மட்டும் இல்லை. "வீடு மாத்துறப்போ மழையில நனைஞ்சு போச்சுடா" என்று அக்கா எப்போதோ சொல்லிவிட்டாள். நாற்பது வருஷமாகத் தேடினார். குழுவை நடத்திய பல் டாக்டரிடம் ஒரு பிரதி இருந்தது. அவர் ஒருநாள் போகிற போக்கில், "இருபத்தேழுலதான் திருகாணி செத்துப்போறானே" என்று எழுதிவிட்டார். வந்ததே கோபம் இவருக்கு! "பல்லைப் பிடுங்குறவருக்குக் கதையப் பத்தி என்ன தெரியும்?" என்று எழுதிவிட்டுக் குழுவை விட்டே வெளியேறினார். பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன் என்று டாக்டர் எவ்வளவோ சொன்னார். இவர் டாக்டரின் எண்ணையே முடக்கிவைத்துவிட்டார்.

இவருக்குக் கதை தெரியாதா என்ன? காதால் கேட்டதாயிற்றே. எட்டு வயதில், வெள்ளையடிக்கும் இடத்தில் விளையாடி இரண்டு கண்ணிலும் சுண்ணாம்பு விழுந்து, இரண்டு மாதம் கட்டுப் போட்டுக் கிடந்தார். அந்த இருட்டில் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். அம்மாவின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கக்கூட அவருக்கு வழியில்லை. அப்பா வேலைக்குப் போய்விடுவார். அக்காதான், பதினைந்து வயது, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வாரமும் படித்துக் காட்டினாள். படத்தில் என்ன இருக்கிறது என்றும் சொல்வாள். இருபத்தேழை மட்டும் முப்பது தடவையாவது படிக்கச் சொல்லி அவளை நச்சரித்திருப்பார். அவளும் சலிக்காமல் படித்தாள், ஒரு சொல் பிசகாமல்.

அந்த அக்கா இப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூன்று வாரத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. போய்விட்டது என்றால் அடியோடு இல்லை. என்ன கேட்டாலும், "வெளக்கு... வெளக்கு எரியுது" என்றாள். பசிக்கிறதா? வெளக்கு எரியுது. இது யார், மகளா? வெளக்கு எரியுது. வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது போல என்று நர்ஸ் பாவம் பார்த்து விளக்கை அணைப்பாள். உடனே அக்கா இடது கையால் கட்டில் கம்பியை அடிஅடி என்று அடிப்பாள். 'காரணமில்லாத கை அசைவு' என்று அட்டையில் எழுதினார்கள்.

அதைப் பார்த்த அன்றைக்கே இருபத்தேழுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வார்டின் பெரிய டாக்டர் அறைக்கு ஓடினார். "சார், அக்காவுக்கு எல்லாம் புரியுது. அது உளறல் இல்ல. இருபத்தேழாவது இதழ்ல திருகாணி கதவுக்குப் பின்னால மாட்டிக்கிறப்போ..." டாக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். பேச்சில் ஒற்றைக்காதன் வந்ததும் ஃபைலை மூடிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை பரிசோதனை இருக்கு. சொல்றது அவங்களுக்குப் புரியுதுன்னு தெரிஞ்சா பயிற்சி வார்டுக்கு அனுப்புவோம். இல்லேன்னா பராமரிப்பு இல்லம்தான். அங்க நல்லாப் பாத்துப்பாங்க. ஆனா பேச்சுப் பயிற்சி கிடையாது."

வராந்தாவுக்கு வந்ததும் அக்காவின் மகள் வெடித்துவிட்டாள். ஒரே மகள். வெளியூர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, மூன்று வாரமாகப் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது.

"ஒரு தடவ, ஒரே ஒரு தடவ நேராப் பேசக் கூடாதா மாமா? நீங்க பேசுற பேச்சால எங்க அம்மாவையும் யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

"இல்ல பாப்பா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"வேணாம் மாமா. இப்பவும் அந்தக் கப்பல்லயே வந்து நிக்காதீங்க."

அவள் சொன்னதில் என்ன தப்பு? ஆயுசு முழுக்க உளறல்காரன் என்று பேர் வாங்கியாயிற்று. உண்மையைச் சொல்ல வேண்டிய நேரத்தில் அந்தப் பேர்தான் முன்னால் வந்து நிற்கிறது. வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. அக்காவைக் குளிப்பாட்டிச் சோறூட்டிப் படுக்கவைத்து, இனி இவள் வாயிலிருந்து ஒன்றும் வராது என்று விட்டுவிடுவார்கள். அவள் உள்ளே முழிப்பாகக் கிடப்பாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் மட்டும் கொஞ்சம் காது கொடுத்தாள். அவர் திக்கித் திணறி விஷயத்துக்கு வந்தார். "மேடம், அக்காவுக்கு ஒரு கதை மனப்பாடம். அதத் தப்பாப் படிச்சா அவங்களால சும்மா இருக்க முடியாது. நீங்க படிச்சுப் பாருங்க."

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள். "சரி. வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் முன்னாடியே படிக்கிறேன். நடுவுல ஒரு வார்த்தைய மாத்துவேன். ஆனா புஸ்தகத்த நீங்க தொடக் கூடாது. ஓரமா நிக்கணும், வாயத் திறக்கவே கூடாது. ஏதாவது சைகை காட்டினாலும் சோதனை செல்லாது."

புத்தகம் எங்கே இருக்கிறது? மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பல் டாக்டரைக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்பதற்குள் அவரே, "அட விடுங்க, யார் ஆஸ்பத்திரியில?" என்று கேட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் ஆள் நேரிலேயே வந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு நீட்டினார். நாற்பது வருஷமாகத் தேடியது கையில் இருந்தது. பிரிக்கவா வேண்டாமா என்று ஒரு கணம் தவித்தார். பேச்சு பேச்சுதான் என்று உறையோடு பயிற்சிக்காரியிடம் கொடுத்துவிட்டு, சுவரோரமாகக் கைகட்டி நின்றார்.

அவள் படிக்கத் தொடங்கினாள். கப்பலில் ஓட்டை. அலாரம். திருகாணி சாவியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடுகிறான். அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காம் பக்கத்தில் 'மூன்றாவது கதவு' என்பதை 'ஐந்தாவது கதவு' என்று மாற்றிப் படித்தாள் பயிற்சிக்காரி. அக்காவின் முகத்தில் ஒன்றுமில்லை. பெரிய டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று இருபத்தேழு கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னும் ஒரு பக்கம்தான்" என்று பயிற்சிக்காரி மேலே படித்தாள். "ஒற்றைக்காதன் விசையை இழுத்தான். பின்பகுதி கழன்று இருட்டில் மிதந்து போனது. 'அவன் நல்ல வேலைக்காரன்' என்றான் ஒற்றைக்காதன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை."

டங்கென்று கட்டில் கம்பி அதிர்ந்தது.

"இல்ல!"

மூன்று வாரத்தில் அக்கா வாயிலிருந்து வந்த புதுச் சொல் அது. கழுத்து நரம்பு புடைக்க எழப் பார்த்தாள். "இல்ல. இல்ல. வெளக்கு... உள்ள வெளக்கு எரியுது. தெற... கதவத் தெற!"

பயிற்சிக்காரி திகைத்துப்போய்ப் பக்கத்தைப் பார்த்தாள். "இங்க நான் எதையும் மாத்தலியே. அச்சுல இருக்கறதத்தான் படிச்சேன்." பிறகு சட்டென்று சுதாரித்துக்கொண்டு குனிந்தாள். "அம்மா, திருகாணி செத்துட்டானா?"

"இல்ல."

"கதவத் திறந்தாங்களா?"

"ஆமா."

"இவரா திருகாணி?" என்று பெரிய டாக்டரைக் காட்டினாள்.

அக்கா டாக்டரை ஏற இறங்கப் பார்த்தாள். "இல்ல" என்றாள். அந்த நிலையிலும் அவள் வாயோரம் லேசாகக் கோணியது. பெரிய டாக்டர் பேனாவை எடுத்துப் படிவத்தில் எதையோ அடித்துவிட்டு வேறு எழுதினார். மகள் கட்டிலில் விழுந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

இருபத்தேழு மட்டும் சுவரோரத்திலேயே நின்றார். பயிற்சிக்காரி புத்தகத்தை அவரிடம் நீட்டினாள். கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். கருப்பு வானத்தில் ஒரு சின்னப் பெட்டி மிதந்து போகிறது. குட்டி இயந்திரம் அந்தப் பக்கத்திலேயே இல்லை. முன்னால் புரட்டினார், எங்கேயும் அது விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அட்டையைத் திருப்பித் தேதியைப் பார்த்தார். அம்மாவை எடுத்துக்கொண்டு போனதற்கு மறுநாள்.

"என்ன சார் இது? அச்சுல இல்லாத கதை அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பயிற்சிக்காரி கேட்டாள்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். எந்த இதழும் அவர் வாயில் வரவில்லை.

"எங்க அம்மா செத்துப்போயிருந்தாங்க" என்றார். "எனக்குக் கண்ணு கட்டியிருந்துச்சு. அக்காதான் படிச்சாங்க. இன்னொரு சாவ எனக்குப் படிச்சுக் காட்ட அவங்களுக்கு மனசு வரல. மாத்திப் படிச்சிருக்காங்க." புத்தகத்தை மூடினார். "நான் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி சொன்னாங்க. அவங்களுக்கும் அப்போ அம்மா இல்ல. அத நான் நெனச்சே பாக்கல."

கட்டிலருகே போனார். அக்கா அவர் கையில் இருந்த புத்தகத்தையும் அவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். நாற்பத்தாறு வருஷம் கழித்துப் பொய் பிடிபட்ட முகம். "மழையில நனைஞ்சு போச்சா அக்கா?" என்று கேட்டார். அவள் இடது கையால் அவர் கன்னத்தில் ஒன்று போட்டாள், வலிக்காமல். பிறகு அந்தக் கையை அங்கேயே வைத்துக்கொண்டாள். ஐம்பத்து நாலு வயது மனிதர், நாலு பேர் பார்க்க, குலுங்கிக் குலுங்கி அழுதார்.

திங்கட்கிழமை அக்காவைப் பயிற்சி வார்டுக்கு மாற்றினார்கள். மூன்று மாதத்தில் முழுப் பேச்சும் வந்துவிடவில்லை. நாற்பது ஐம்பது சொல் வந்தது, அதில் 'டேய்' முதலாவது.

மாற்றிய அன்று சாயங்காலமே இருபத்தேழு புத்தகத்தை எடுத்துக்கொண்டு பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போனார். நோயாளிகள் போகும்வரை காத்திருந்து, உறையோடு மேசைமேல் வைத்தார்.

"நீங்க சொன்னதுதான் சரி டாக்டர். அவன் செத்துத்தான் போறான்."

டாக்டர் புத்தகத்தைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினார். "நீங்களே வெச்சுக்கோங்க. உங்ககிட்ட இது ஒண்ணுதானே இல்ல?"

"வேணாம் டாக்டர்" என்றார் இருபத்தேழு. "எங்க வீட்ல வேற ஒண்ணு இருக்கு."