சாரம்மாளின் நடுத்தாள்

பாளையங்கோட்டையில் சாரம்மாள் டீச்சரின் வாய்க்கு அஞ்சாதவர் என்று ஒருவர்தான் இருந்தார். அது அவள் புருஷன். அவருக்குக் காது மந்தம். அவரும் போய்ச் சேர்ந்தபின் அந்த வாய்க்கு வசமாக மாட்டியவர்கள் உடன்பிறந்தவர்கள் இருவர். மூத்தவர் ஞானசிகாமணி தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகியும் நடையில் தாசில்தார் மிடுக்குப் போகவில்லை. இளையவன் ஹெப்ரான் மனை விற்கிறவன். குளத்தைக்கூட நீர்வளம் மிக்க இடம் என்று சொல்லி விற்றுவிடுவான். இரண்டு பேரையும் சேர்த்து நிறுத்தாலும் கால் கிலோ மூளை தேறாது என்பது சாரம்மாளின் அபிப்பிராயம். அதை அவள் மறைத்து வைத்ததும் இல்லை.

அவள் பெண்கள் பள்ளி ஒன்றில் தையல் டீச்சராக இருந்தவள். பிள்ளைகள் கோணலாகத் தைத்தால் திட்ட மாட்டாள். பிரித்து மறுபடி தைக்கச் சொல்லுவாள். பெரியவர்களிடம் அந்தப் பொறுமை கிடையாது. கல்யாண வீட்டில் பவிசு காட்டுகிறவர்கள், ஆலயத்தில் முன்வரிசைக்கு முண்டுகிறவர்கள், திருச்சபையின் திருமண்டலத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டுக் கும்பிடு போடுகிறவர்கள், எல்லோருக்கும் ஒரே பார்வைதான். சாக்கடையில் கால் வைத்துவிட்டுச் செருப்பைப் பார்க்கிற பார்வை அது. அவள் மரியாதை வைத்திருந்தது தன் அப்பா ஜேசுதாசன் வாத்தியார் ஒருவரிடம்தான்.

வாத்தியார் ஏரல் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பள்ளிக்கூடம் கட்டியவர். சுதந்திரம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. தேசமெல்லாம் பேர்போன ஒரு தலைவருக்கு, திறப்பு விழாவுக்கு வந்து சிறப்பிக்க வேண்டும் என்று எழுதிப்போட்டார். தலைவர் தம் கைப்பட, தமிழில், மூன்று தாளில் பதில் எழுதினார். வாத்தியார் தொண்ணூறு வயது வரை அந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டிப் பெருமையடிக்காமல் வைத்திருந்து கண்ணை மூடினார்.

அடக்கம் முடிந்த கையோடு பிள்ளைகள் சொத்தைப் பிரித்தார்கள். வீடு, தோப்பு, வயல் எல்லாம் சச்சரவில்லாமல் பிரிந்தது. கடிதத்தில்தான் ரகளை வந்தது. மூத்தவருக்கே உரியது என்றார் ஞானசிகாமணி. கடைசி வரை அப்பா சாப்பிட்டது என் வீட்டில் என்றான் ஹெப்ரான். சிலுவையடியில் நின்ற சேவகர்கள்கூட ஆண்டவரின் அங்கியைக் கிழிக்க மனமில்லாமல் சீட்டுப் போட்டார்கள். இவர்களுக்கு அந்த இரக்கமும் இல்லை. ஆளுக்கொரு தாள் என்று பாகம் வைத்தார்கள். தலைவர் பெயர் அச்சிட்டு, அப்பாவின் பெயரை விளித்திருந்த முதல் தாள் ஹெப்ரானுக்கு. கையெழுத்துப் போட்டிருந்த மூன்றாம் தாள் ஞானசிகாமணிக்கு. பெயரும் இல்லாமல் கையெழுத்தும் இல்லாமல் கிடந்த நடுத்தாளை, “பொம்பளப் பிள்ளைக்கும் பாகம் குடுத்தாச்சு” என்று சாரம்மாளிடம் நீட்டினார்கள். கொடுத்த பெருமை ரொம்ப நாள் இரண்டு பேர் முகத்திலும் வழிந்தது.

மடையர்கள். கடிதமே அந்தத் தாள்தான். முதல் தாளில் நலம் விசாரிப்பும், பள்ளிக்கூடம் கட்டியது பற்றிப் படித்து மகிழ்ந்தேன் என்பதும் மட்டுமே. மூன்றாம் தாளில் வாழ்த்தும் வணக்கமும். நடுத்தாளில் தலைவர் கேட்டிருந்தார்: “கீழத்தெருப் பிள்ளைகளுக்கு வாசல் பக்கம் தனிப்பாய் போட்டிருப்பதாகவும், அது ஊர் வழக்கம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வழக்கத்தைக் காப்பாற்ற ஊரில் வேறு ஆட்கள் இல்லையா? அதற்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டுமா?”

அந்தக் கடிதம் வந்த வாரம் அப்பா நடுத்தாளைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தார். திங்கட்கிழமை காலையில் வாசல் பக்கத்துப் பாயைத் தாமே சுருட்டி எடுத்தார். சின்னப் பிள்ளையாக இருந்த சாரம்மாளின் கையைப் பிடித்து இழுத்துப்போய், கீழத்தெருக் கொம்பையாவுக்கும் சுடலைவடிவுக்கும் நடுவில் உட்கார வைத்தார். மறுநாள் மேலத்தெருப் பிள்ளைகள் பாதிப் பேர் வரவில்லை. ஆலயத்து அசன விருந்தில் சொந்தச் சித்தப்பாவே அப்பாவின் பக்கத்தில் இலை போட மறுத்து எழுந்துபோனார். அம்மா அழுது பார்த்தாள். அப்பா அசையவில்லை. தப்பு செய்ததும் அவர்தான், ஊரையே பகைத்துக்கொண்டு அதைத் திருத்தியதும் அவர்தான். மனுஷன் தொண்ணூறு வருஷம் வாழ்ந்ததில் சாரம்மாள் மதித்தது அந்த ஒரு திங்கட்கிழமையை.

சென்ற வருஷம் திருநெல்வேலி டவுணில் தலைவர் பெயரால் பேரவை நடத்துகிற பெருமாள்ராஜ் என்ற ஜவுளிக்கடைக்காரர், தலைவரின் கடிதங்களைக் கண்காட்சி வைக்கப்போவதாக அறிவித்தார். அறிவிப்பு வந்ததும் அண்ணனும் தம்பியும் பழப்பையோடு சாரம்மாள் வீட்டுக்கு வந்தார்கள். தாளைக் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அவள் காப்பிகூடப் போட்டாள்.

“எக்கா, ஒன் தாளு ஒங்கிட்டயே இருக்கட்டும். கண்ணாடிப் பெட்டியில ரெண்டுதான் கொள்ளும்” என்றான் ஹெப்ரான்.

“பெட்டி சின்னதா, ஒங்க மனசு சின்னதாலே?”

ஞானசிகாமணி தொண்டையைச் செருமினார். “ஏட்டி, அப்பாவத் திட்டி எழுதியிருக்கத ஊருக்கு முன்னால வைக்கச் சொல்லுதியா? நம்ம குடும்பத்துக்கு என்ன மரியாத இருக்கும்?”

“திட்டினதுதான் எழுதியிருக்கு. திருந்தினது எழுதல. அத நான்தான் சொல்லணும். நானும் செத்துட்டா, அப்பா தனிப்பாய் போட்டதும் மறஞ்சிரும், அத எடுத்ததும் மறஞ்சிரும், தலைவருக்குச் சிநேகிதர்ங்கிற பொய்தான் மிஞ்சும்.”

“நீ விழாவுக்கு வராண்டாம்” என்றார் அண்ணன். பழப்பையை வைத்துவிட்டுப் போனார்கள். அவள் அதைப் பிரிக்காமல் தெருவில் போன ஆட்டுக்குக் கொட்டினாள்.

விழாவுக்கு அவள் அழைப்பில்லாமல் போனாள். கல்யாண மண்டபத்தில் ஏகக் கூட்டம். பின்கட்டிலிருந்து பிரியாணி வாசனை வந்துகொண்டிருந்ததால் யாரும் கலையவில்லை. மேடையில் ஞானசிகாமணி தங்கச் சட்டம் போட்ட மூன்றாம் தாளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். தத்தெடுத்த பிள்ளையைக்கூட யாரும் அப்படிப் பிடித்திருக்க மாட்டார்கள். பெருமாள்ராஜ் முதல் தாளை வாசித்தார், அடுத்து மூன்றாம் தாளை வாசித்தார். “எவ்வளவு சுருக்கமா, சுத்தமா எழுதியிருக்காரு பாத்தியளா!” என்றார். மண்டபம் கைதட்டியது. அத்தனை படித்த தலைகளில் ஒன்றுக்குக்கூட, பாராட்டியவர் திறப்பு விழாவுக்கு வருகிறாரா இல்லையா என்று சொல்லாமலே முடித்துவிட்டாரே என்று தோன்றவில்லை.

சாரம்மாள் மேடை ஏறினாள். “அண்ணாச்சி, நடுவுல ஒரு தாளு இருக்கு.”

ஞானசிகாமணி பாய்ந்து ஒரு மைக்கைப் பிடித்தார். “அது வேற கடிதம். தங்கச்சிக்கு வயசாயிட்டு, ஞாபகம் பெசகுது.”

சாரம்மாள் இன்னொரு மைக்கின் முன்னால் நின்று, வகுப்பில் வாசிக்கிற குரலில் தன் தாளை மேலிருந்து கீழ் வரை வாசித்தாள். கடைசி வரிக்கு வந்தாள். “‘திறப்பு விழாவுக்கு அழைத்திருக்கிறீர்கள். அந்தப் பிள்ளைகளும் உங்கள் பிள்ளையும்’... இதுக்கு மேல இந்தத் தாள்ல இல்ல.”

“பெறவு என்ன எழுதியிருக்காரும்மா?” என்று ஒரு பெண் கீழேயிருந்து கேட்டாள்.

பெருமாள்ராஜ் ஞானசிகாமணியின் மடியை எட்டிப் பார்த்தார். “அண்ணாச்சி, ஒங்க தாளு எடுத்த எடுப்புல ‘உங்கள் குடும்பத்தாருக்கு’ன்னுல்லா ஆரம்பிக்கு?”

“மேல ஒரு வரி இருக்குவே. அவ தாளோட மிச்சம். பாக்க நல்லா இருக்காதுன்னு சட்டத்துக்குள்ள மறச்சுப் போட்டிருக்கு” என்றார் ஞானசிகாமணி.

மைக் கையில்தான் இருந்தது. சொல்லி முடித்த பிறகுதான் தாம் சொன்னது என்னவென்று அவருக்கே விளங்கியது. மண்டபம் சிரித்தது. ஹெப்ரான் யாரோ கூப்பிட்டதுபோலப் போனைக் காதில் வைத்துக்கொண்டு பைய வெளியே நழுவினான்.

சாரம்மாள் சிரிக்கவில்லை. அண்ணனைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. கோபப்படுவதற்கும் எதிரில் ஒரு ஆள் வேண்டுமே.

“‘ஒரே பாயில் உட்கார்ந்தபின் எழுதுங்கள், வருகிறேன்.’ அதான் அந்த வரி, பாகம் வைக்கையில நானே படிச்சது. எங்கப்பா உக்கார வச்சாரு. உக்காந்த பிள்ள நான்தான். உக்கார வச்சிட்டேன்னு அப்பா எழுதவும் செஞ்சாரு. ஒங்க தலைவர் வரல. ஒரு வரி பதிலும் போடல.”

பேரவைக்காரர்கள் முகம் சுண்டியது. யாரோ மைக்கை அணைக்கச் சொன்னார்கள். அதற்குள் அவள் கடைசியாக ஒன்றையும் சொல்லி முடித்துவிட்டாள்.

“அவரு வரலன்னு எங்கப்பா ஒரு நாளும் அந்தப் பாயை மறுபடி விரிக்கல.”

சொல்லிவிட்டு, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் பஸ் ஏறினாள்.