சுண்டுவிரலில் காப்பு இல்லை

எட்டாம் வகுப்பில் நான்கு பிரிவுகள். நான்குக்கும் நான்தான் அறிவியல் வாத்தியார். திசுக்கள் பாடத்தை ஒரே வாரத்தில் நான்கு முறை நடத்த வேண்டும். மூன்றாம் முறைக்குள் வாய் தானாகப் பேசும், நான் எங்கோ இருப்பேன். எபிதீலியத் திசு உடலைப் போர்த்திக் காக்கும், தசைத் திசு சுருங்கி விரிந்து அசைவு தரும், இணைப்புத் திசு உறுப்புகளைத் தாங்கும், நரம்புத் திசு உணர்வைக் கடத்தும். தொண்டை வறண்டு, கால் கடுத்து, சைக்கிள் மிதித்து வீடு சேரும்போது யாராவது நலம் விசாரித்தால்கூட எரிச்சல் வரும்.

அப்படி ஒரு மாலையில், தறிக்குழியில் உட்கார்ந்திருந்த அண்ணன் வலது கையை நீட்டினார். சுண்டுவிரலில் பெரிய கொப்புளம்.

“டீ கிளாஸ் சுட்டிருக்குது. எனக்குத் தெரியவே இல்லபா. ஒரு மாசமாவே அந்த விரல் மரத்துக்கினு இருக்குது.”

“காப்புக் காய்ச்சிருக்கும்ணா,” என்றேன், சட்டையைக் கழற்றிக்கொண்டே.

கை மரத்துப்போனால் எங்கள் தெருவில் எல்லாரும் சொல்வது அதுதான். அண்ணன் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டார்.

மறு வருஷம் அதே பாடம். தோல் தடித்தால் உணர்வு குறையும் என்பதற்கு நெசவாளர் கையையே காட்டலாம் என்று கரும்பலகையில் ஒரு கை வரைந்தேன். காப்புக் காய்க்கும் இடங்களைச் சாக்பீஸால் தீற்றினேன். கட்டைவிரல், சுட்டுவிரல், உள்ளங்கை. ஊடுநூல் ஓட்டும் நாடாவை எறிய அவைதான் வேண்டும். சுண்டுவிரலுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. தறியில் அதற்கு வேலையே கிடையாது. அதில் எப்படிக் காப்பு வரும்?

தறி வீட்டில் பிறந்தவனுக்கு இது தெரியாமல் இல்லை. அன்றைக்கு அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். இப்போது நினைத்தாலும் என் மேலேயே கோபம் வருகிறது.

மறுநாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் அண்ணனைக் கண்ணை மூடச் சொல்லி விரலில் பஞ்சால் தொட்டார். பிறகு முழங்கையின் உட்பக்கம் தடவினார். நரம்பு கயிறு மாதிரி தடித்திருந்தது. தொழுநோய் என்றார். மாத்திரையில் குணமாகும், மற்ற விரல்களைக் காப்பாற்றிவிடலாம், ஆனால் செத்த நரம்பு திரும்பாது என்றார். சுண்டுவிரல் அதற்குள் மடங்கத் தொடங்கியிருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் மடங்கிய விரலை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“நரம்பு செத்தா உணர்வு போயிடும்னு, இத்ததான் வருஷா வருஷம் பசங்களுக்கு சொல்லிக் குடுத்துக்கினு இருக்கியாபா?”

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“ஆமாண்ணா,” என்றேன்.