வராதவர்களைக் கூப்பிடும் வேலை

இங்கிலாந்து வந்த புதிதில், உடம்புக்கு ஒன்றுமில்லாதவரை டாக்டரே கூப்பிட்டு அனுப்புவது எனக்கு விசித்திரமாக இருந்தது. பிறகு ஒரு கிளினிக்கின் வரவேற்பில் சேர்ந்தபோது அதுவே என் வேலையானது. தீவிர மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை பார்க்க வேண்டும். பார்த்தால் அரசாங்கம் கிளினிக்குக்குத் தனியாகப் பணம் தரும். காசுக்குத்தானா இந்த அக்கறை என்று கசந்தது. டேவிட் என்பவரை அழைத்தேன். "என்னைப் பற்றி யார் புகார் சொன்னது?" என்றார். "யாருமில்லை, உங்கள் முறை வந்திருக்கிறது" என்றேன். தயங்கித் தயங்கி வந்தார். சர்க்கரை இருந்தது. அந்த மாத்திரைகளாலும் அது வரலாம் என்று நர்ஸ் சொன்னதும் எனக்கு ஊரில் இருக்கும் என் அண்ணன் சேகரின் நினைவு வந்தது.

தொண்ணூறுகளில், கேளம்பாக்கத்தில், அண்ணனுக்குக் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. அவர் வெளியே வருவது நின்றுபோனது. அம்மாதான் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறி மாத்திரை வாங்கி வருவார். டேவிட் வந்துபோன அன்று மதியமே அம்மாவுக்குப் போன் செய்தேன். "நல்லாத்தான் கீறான். தண்ணிதான் சொம்பு சொம்பா குடிச்சிகினு கீறான். காதுல பேசறவன் குடிக்கச் சொல்றானாம்" என்றார். டாக்டரிடம் காட்டச் சொன்னேன். "காய்ச்சலா இன்னா? அவராண்ட போயி இன்னான்னு சொல்றது?"

எங்கள் தெரு டாக்டர் நல்லவர். ஆனால் எதிரில் வந்து உட்காருபவரிடமிருந்துதான் அவருக்கு ஃபீஸ். அண்ணனைப் போன்றவர்கள் வந்து உட்காருவதில்லை. டாக்டரையும் போனில் அழைத்தேன். "வந்தா பாக்கறேம்மா" என்றார். "வரமாட்டார் டாக்டர். நீங்கதான் கூப்பிடணும்" என்றேன். "வர்றவங்களையே பாத்து முடியலியேம்மா."

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, சும்மா இந்தப் பக்கம் வந்ததாகச் சொல்லி, அண்ணனின் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்திருக்கிறார். சர்க்கரை ஏகத்துக்கும் இருந்தது. காலில் புண்ணும் இருந்தது. கால் தப்பியது. எல்லோர் வாசலிலும் அவர் ஸ்கூட்டரை நிறுத்த முடியாது என்பதும் எனக்குத் தெரியும். காசு கொடுத்தாவது ஒருவரை ஞாபகம் வைத்துக்கொள்ளச் செய்யும் ஏற்பாட்டின் மேல் இருந்த கசப்பு அதற்குப் பிறகு குறைந்துவிட்டது.

அண்ணனின் முறையை இப்போது நானே ஞாபகம் வைத்திருக்கிறேன். சென்ற மாதம் கிளினிக்கிலிருந்தே அழைத்தேன்.

"அங்க இன்னா மணி?" என்றார்.

"பதினொண்ணு, அண்ணா."

"இங்க நாலரை. டாக்டரு அஞ்சுக்கு வருவாரு. சட்ட மாட்டிகினு போறேன்."

அம்மாவிடம் சட்டை கேட்கும் குரலும் தெருவில் பஸ் ஹாரனும் கேட்டன. வரவேற்புக் கண்ணாடிக்கு அப்பால் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி குடையை மடித்தபடி நின்றிருந்தார். அவரிடம் "இருங்க, இதோ வந்துட்டேன்" என்றேன். தமிழில் சொல்லியிருக்கிறேன் என்பது அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.